ஒரு பிரச்சினையும் இல்லை

புராஸ்டேட் சுரப்பியை எடுத்தவர்களுக்கு எங்கள் மருத்துவமனையில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒரு படிவம் கொடுப்பார்கள். மொத்தம் இருபத்தாறு கேள்விகள். நான் நான்கு நிமிடத்தில் முடித்துவிடுவேன். எல்லாக் கேள்விக்கும் ஒரே வரிசையில் டிக் போடுகிறவனுக்கு நான்கு நிமிடமே அதிகம்.

கடந்த நான்கு வாரங்களில் எத்தனை முறை உங்களை அறியாமல் சிறுநீர் கசிந்தது? ஒருமுறைகூட இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை பேட் வைக்கிறீர்கள்? எதுவும் இல்லை. இது உங்கள் அன்றாட வாழ்க்கைக்கு எவ்வளவு பெரிய பிரச்சினை? ஒரு பிரச்சினையும் இல்லை. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அன்றைக்கான இரண்டாவது பேட் கால்சட்டைக்குள் கனத்துப்போய் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும். நர்ஸம்மா தாளை வாங்கி மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, எல்லாரும் சார் மாதிரி இருந்துவிட்டால் எங்களுக்கு வேலையே இல்லை என்பார். நானும் வெட்கமில்லாமல் பல்லைக் காட்டுவேன். பிறகு படிவத்தின் நகல் ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பிவைப்பார்கள்.

நான் பொய்யன் இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். முப்பத்தோரு வருடமாக லிப்ட் சோதிக்கிற இன்ஸ்பெக்டர். கம்பி வடத்தில் ஒரு இழை அறுந்திருந்தாலும் கண்டுபிடித்து, கட்டடத்தின் சொந்தக்காரர் எவ்வளவு குழைந்தாலும் மசியாமல், சிவப்பு அட்டையைக் கதவில் மாட்டிவிட்டு வருகிறவன். சிவப்பு அட்டை மாட்டினால் மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுப் போட வேண்டும். அதற்குப் பிறகு அந்த லிப்டில் ஒரு ஆள் ஏறக் கூடாது. எனக்குத் தெரிந்த படிவமெல்லாம் அந்த மாதிரிதான். அறுவை முடிந்து ஆறாவது வாரம் முதல் படிவம் கைக்கு வந்தபோது, இதில் உள்ளதை உள்ளபடி எழுதினால் என் கழுத்தில் நானே சிவப்பு அட்டையை மாட்டிக்கொள்கிறேன் என்றுதான் தோன்றியது. எல்லாம் சரி என்று டிக் போட்டேன். இரண்டாவது படிவம் முதல் படிவத்தோடு ஒத்துப்போக வேண்டும் அல்லவா, அதனால் அதிலும் போட்டேன். இப்படியே ஆறு படிவம் ஆகிவிட்டது.

டாக்டர் முன்கூட்டியே எல்லாவற்றையும் சொன்னார்தான், அவரைக் குறை சொல்ல முடியாது. என்னுடையது வேகமாக வளர்கிற ரகம், விட்டால் எலும்புக்குப் போய்விடும், எடுத்துத்தான் ஆக வேண்டும். எடுத்த பிறகு சில மாதம் கசிவு இருக்கலாம், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் இழுக்கலாம், தாம்பத்தியத்தில் சிரமம் வரலாம். அவர் ‘லாம்’, ‘லாம்’ என்று அடுக்கிக்கொண்டே போனதில் என் காதில் விழுந்தது, எடுத்தால் பிழைத்துக்கொள்வீர்கள் என்ற ஒன்றுதான். பிழைத்துக்கொண்டேன். ரத்தப் பரிசோதனையில் இன்றுவரை எதுவும் இல்லை. அதற்காக அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம். பிழைத்தவன் அதற்குப் பிறகு எப்படி நாளைக் கழிக்கிறான் என்பது வேறு கதை.

எட்டு பேர் ஏறுகிற லிப்டைச் சோதிக்க இருபது கிலோ இரும்புக் கட்டி முப்பத்து நான்கை உள்ளே அடுக்க வேண்டும். முன்பெல்லாம் கைக்கு ஒன்றாக இரண்டு கட்டியைத் தூக்கிக்கொண்டு நடப்பேன். இப்போது ஒன்றைக் குனிந்து தொட்டாலே அடிவயிறு பிடியை விட்டுவிடுகிறது. என்னோடு வருகிற மெக்கானிக்குக்கு ஸ்பேனர் என்று பெயர் வைத்திருக்கிறோம், ஆள் அத்தனை ஒல்லி. நாற்பத்தைந்து வயது, மூன்று பெண்களைப் பெற்றவன். முப்பத்து நான்கையும் அவனே தூக்கி வைப்பான். நான் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு ஏதோ எழுதுகிற மாதிரி நிற்பேன். சார் ஆபீசர் ஆகிவிட்டார் என்று அவன் கிண்டல் செய்வான். அந்தக் கிண்டல் எனக்கு வசதியாக இருந்தது.

சாம்பல் நிறக் கால்சட்டைகளை எல்லாம் யாருக்கோ கொடுத்துவிட்டுக் கறுப்பு மட்டும் வாங்கிக்கொண்டேன். காலையிலிருந்து மதியம்வரை தண்ணீர் குடிக்க மாட்டேன். ஒரு நாள் பதினோராவது மாடிக்குப் போகிற லிப்டில் ஆறு பேர் நடுவில் நிற்கும்போது தும்மல் வந்தது. ஒரு தும்மல், அவ்வளவுதான். சூடாகத் தொடை வழியாக இறங்கி முழங்காலில் நின்றது. எல்லாரும் இறங்குகிறவரை முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றேன். பிறகு என் சாவியைப் போட்டு எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் லிப்டை நிறுத்தி, பழைய லிப்ட் என்பதால் கேமராவும் கிடையாது, கருவிப் பையிலிருந்து மாற்றுத் துணியையும் புதுப் பேட்டையும் எடுத்து நின்றபடியே மாற்றினேன். பேசும் கருவியில் ஸ்பேனர் கூப்பிட்டு, சார் மாட்டிக்கிட்டீங்களா என்று கேட்டான். பிரேக் பார்க்கிறேன், தொந்தரவு செய்யாதே என்று எரிந்து விழுந்தேன். அறுபத்தோரு வயதில் நின்றுபோன லிப்டுக்குள் கால்சட்டையைக் கழற்றிக்கொண்டு அழுதேன் என்று எந்தப் படிவத்தில் எழுதுவது?

இது இப்படி இருக்க, வீட்டில் கதை வேறு. என் மனைவி மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் சோதிக்கிறாள். ஓட்டுநர் வேலைக்குச் சான்று வாங்க வருகிறவர்கள் எழுத்துப் பலகையை மனப்பாடம் செய்துகொண்டு வந்து ஒப்பிப்பார்களாம். அவளிடம் நடக்காது. நிஜமாகப் படிக்கிறவர்கள் கடைசி வரியில் கண்ணைச் சுருக்குவார்கள், மனப்பாடக்காரர்கள் சுருக்க மாட்டார்கள், அதை வைத்துப் பிடித்துவிடுவேன் என்பாள். இப்படிப்பட்டவளிடம் போய் நான் மறைத்துக்கொண்டிருந்தேன். முதுகு வலி, மெத்தை ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிட்டுக் கூடத்து சோபாவுக்கு மாறினேன். ரப்பர் விரிப்பை மடித்து அலமாரிக்குப் பின்னால் சொருகிவைப்பேன். இருபத்தொன்பது வருடக் குடித்தனத்தில் எங்களுக்குள் வராத சண்டை இல்லை. ஆனால் பாதிச் சண்டை படுக்கைக்குப் போனால் தானாக முடிந்துவிடும். சோபாவுக்கு மாறிய பிறகு சண்டையே வரவில்லை. அது நல்ல அறிகுறி இல்லை என்று எனக்கும் தெரியும்.

ஐந்தாவது மாதமோ என்னவோ, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் கூடத்துக்கு வந்து நின்றாள். இன்றைக்கு உள்ளே வந்து படுங்களேன், புது மெத்தை சொல்லியிருக்கிறேன் என்றாள். அப்போதுதான் எனக்கு நனைந்திருந்தது, வாடை அடிக்குமோ என்று உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தேன். மனுஷன் இருக்கிற இடத்தில் நிம்மதியாக இருப்பது உனக்குப் பொறுக்கவில்லையா என்று கத்திவிட்டேன். அவள் உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை. அன்றைக்கு எனக்கு ‘அப்பாடா’ என்றுதான் இருந்தது, இப்போது அந்த ‘அப்பாடா’வை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது.

இவ்வளவும் என்னோடு போயிருந்தால் நான் இதைச் சொல்ல உட்கார்ந்திருக்க மாட்டேன். நடுவில் வந்தவன் என் மைத்துனன், அவளுக்கு ஒரே தம்பி. ஐம்பத்து மூன்று வயது. நீச்சல் சொல்லித் தருகிறவன் என்பதால் எல்லாருக்கும் அவன் கோச், எனக்கும் அப்படித்தான். அவனிடம் வருகிறவர்கள் பெரியவர்கள், தண்ணீரைக் கண்டாலே ஈரக்குலை நடுங்குகிறவர்கள். நாளுக்கு ஆறு மணி நேரம் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று அவர்களைக் கையில் தாங்கி மிதக்கவைப்பான். பெண்டாட்டி எப்போதோ பிரிந்துபோய்விட்டாள். அவனுக்கு அந்தக் குளம்தான் வீடு, வாசல், உறவு எல்லாம்.

ஒரு நாள் பகலில் கையில் ஒரு உறையோடு வந்தான். அவனுக்கும் அதே சுரப்பி, அதே நோய். ஆனால் அவனுடையது சின்னது, மெதுவாக நகர்கிற ரகம். டாக்டர் மூன்று வழி சொல்லியிருக்கிறார். அவ்வப்போது பரிசோதித்துக்கொண்டு இப்போதைக்கு விட்டுவைக்கலாம், கதிர்வீச்சு கொடுக்கலாம், இல்லை அறுத்து எடுத்துவிடலாம். விட்டுவைப்பதே போதும் என்றுகூடச் சொல்லியிருக்கிறார். இவனுக்குத்தான் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வயிற்றுக்குள் அதை வைத்துக்கொண்டு எப்படித் தூங்குவது என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அடுத்தவர் பயத்தை முப்பது வருடம் கேலி செய்தவன், டம்ளரைக் குடிக்காமலே கீழே வைத்தான். பிறகு என்னை நேராகப் பார்த்துக் கேட்டான்.

“மாமா, யார்கிட்டயும் சொல்லல, உங்ககிட்ட மட்டும் கேக்கறேன். நெஜமா எப்படி இருக்கீங்க?”

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றுபோனதுகூட எனக்குக் கேட்டது. நான் என்ன செய்தேன் தெரியுமா? எழுந்துபோய் அலமாரியைத் திறந்து கடைசிப் படிவத்தின் நகலை எடுத்துவந்து அவன் முன்னால் வைத்தேன். வாய் வார்த்தை எதற்கு, மருத்துவமனைத் தாளே இருக்கிறது, படித்துக்கொள் என்றேன். எங்கள் தொழிலில் அப்படித்தான், ஆள் பேசக் கூடாது, தாள்தான் பேச வேண்டும். அவன் இருபத்தாறையும் ஒன்று விடாமல் படித்தான். படித்து முடித்துப் பெருமூச்சு விட்டான். செல்போனில் படம் வேறு எடுத்துக்கொண்டான். அறுத்தே எடுத்துவிடலாம், மாமாவே மூன்று வாரத்தில் லிப்ட் கூரைமேல் ஏறிவிட்டார், எனக்கென்ன என்று சிரித்துக்கொண்டே போனான். நான்கு வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமைக்கு நாள் குறித்தார்கள். குளத்தில் மூன்று வாரம் லீவு சொல்லிவிட்டானாம். மறுநாள் போனில், ரொம்ப நாளைக்குப் பிறகு நேற்றுத்தான் தூங்கினேன் மாமா என்றான்.

நான் சப்பைக்கட்டு கட்டிக்கொண்டேன். புற்று புற்றுதான், எடுத்துவிடுவது அவனுக்கும் நல்லதுதானே. எனக்குக் கசிகிறது என்றால் அவனுக்கும் கசியுமா, அவன் வயது குறைவு, உடம்பு உரம். எத்தனையோ பேருக்குச் சீக்கிரம் சரியாகிவிடுகிறது. இதெல்லாம் உண்மைதான். அந்த உண்மைகளை எல்லாம் ஒரு பொய்யான தாளின் மேல் வைத்துக் கொடுத்துவிட்டேன் என்பதை மட்டும் நினைக்காமல் பார்த்துக்கொண்டேன்.

அந்த வியாழனுக்கு முந்தைய திங்கட்கிழமை, அறுவைக்கு முன்னால் நடக்கிற சோதனைகளுக்குத் தம்பியோடு அவள் போயிருந்தாள். சாயங்காலம் திரும்பி வந்தவள் கைப்பையைக்கூட இறக்கிவைக்கவில்லை. டாக்டர் இன்னொரு முறை, யோசித்துத்தான் முடிவு செய்தீர்களா, உங்களுக்கு அவசரமே இல்லையே என்று கேட்டாராம். இவன் செல்போனை எடுத்து என் படிவத்தைக் காட்டினானாம். எங்க மாமா மார்க்கைப் பாருங்க டாக்டர் என்றானாம். சொல்லும்போது அவள் குரல் ஏறவே இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

“குப்பையில நீங்க பேப்பர்ல சுத்திப் போடறது என்னன்னு எனக்குத் தெரியாதா? மொத மாசத்துலேருந்து தெரியும். என்கிட்ட மறைச்சீங்க, உங்க ரோஷம்னு விட்டுட்டேன். அவன் பொழப்பே தண்ணிக்குள்ள. ஜட்டி மாதிரி ஒண்ணைப் போட்டுக்கிட்டு அத்தனை பேர் முன்னாடி நிக்கறவன். நீங்க குடுத்த தாளை நம்பிப் போய்ப் படுக்கப் போறான் அவன்.”

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டாள். எனக்கும் கோபம் வந்தது, தப்புச் செய்தவனுக்குத்தானே கோபம் அதிகம் வரும். தெரியும் என்றால் நீயே அவனிடம் சொல்லியிருக்க வேண்டியதுதானே என்று எகிறினேன்.

“நான் சொன்னா, அக்கா பயந்துட்டான்னு சொல்லுவான். உங்க ஒடம்பு, நீங்கதான் சொல்லணும். வியாழக்கிழமை காலையில ஆறு மணிக்கு அவன் அங்க போயாகணும்.”

சொல்லவில்லை என்றால் என்ன செய்வாய் என்று கேட்டேன். அவள் கைப்பையை நாற்காலியில் வைத்தாள்.

“ஒண்ணும் பண்ண மாட்டேன். இப்ப இருக்கற மாதிரியே இருப்போம்.”

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்ததும் நேரே குளத்துக்குப் போனேன். வழியெல்லாம் வார்த்தையை அடுக்கிக்கொண்டே போனேன். குளோரின் நெடி, ஈரத் தரை, சுவரெல்லாம் எதிரொலி. கோச் தண்ணீரில் நின்றபடி ஒரு தடித்த மனிதரின் முதுகுக்கடியில் கையைக் கொடுத்து, விட மாட்டேன் சார், விட மாட்டேன், மேலே பாருங்க என்று சொல்லிக்கொண்டிருந்தான். அந்த மனிதர் கண்ணை இறுக மூடிக்கொண்டு அவன் தோளைப் பிடித்திருந்தார். இவனை நம்பி ஒருவர் தண்ணீர்மேல் படுத்திருக்கிறார், இவன் என்னை நம்பிப் படுக்கப் போகிறான் என்று நினைத்துக்கொண்டேன். வகுப்பு முடிந்து துண்டைப் போர்த்திக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். உடம்பிலிருந்து தண்ணீர் சொட்டி பெஞ்சுக்குக் கீழே ஓடியது. நான் வாயைத் திறந்தேன். நீ இல்லாதபோது குளத்துச் சாவி யாரிடம் இருக்கும் என்று கேட்டேன். வேறு எதுவும் வாயில் வரவில்லை. மாமா, நீங்க எனக்கு மேல பயப்படறீங்களே என்று தோளில் தட்டி அனுப்பிவைத்தான்.

வீட்டுக்கு வந்து முடியவில்லை என்றேன். திட்டுவாள் என்று பார்த்தேன். அவள் சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு, மருத்துவமனையிலிருந்து முந்தின நாள் கேட்டு வாங்கிவந்திருந்த வெற்றுப் படிவம் ஒன்றை எடுத்து வைத்தாள். பேனா மூடியைக் கழற்றினாள். வாயில் வரவில்லை என்றால் தாளில் வரட்டும், நான் கேட்கிறேன், நீங்கள் சொல்லுங்கள் என்றாள்.

முதலில் தலைப்புக்குக் கீழே சின்ன எழுத்தில் இருந்த இரண்டு வரியைப் படித்தாள். உங்களுக்கு என்ன உதவி தேவை என்பதை அறிந்துகொள்ளவே இந்தக் கேள்விகள், சிரமம் உள்ளவர்களுக்குச் செவ்வாய்க்கிழமைதோறும் தசைப் பயிற்சியும் ஆலோசனையும் உண்டு. ஆறு முறை அந்தத் தாளைக் கையில் வாங்கியவன் நான். ஒரு முறைகூட அந்த இரண்டு வரியைப் படித்ததில்லை. லிப்ட் படிவங்களில் மேலே இருப்பது சட்டப் பிரிவு எண்கள்தான், யாரும் படிப்பதில்லை, அந்தப் பழக்கம். பதினாறு மாதத்தில் எத்தனை செவ்வாய்க்கிழமை போயிருக்கும் என்று மனசு கணக்குப் போட்டது. அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு முதல் கேள்விக்குப் போனாள்.

கடையில் எழுத்துப் பலகையைக் காட்டிப் படிக்கச் சொல்கிற அதே குரலில் கேட்டாள். எத்தனை பேட்? மூன்று, வேலை அதிகம் உள்ள நாளில் நான்கு. எப்போது கசிகிறது? குனிந்தால், தும்மினால், சிரித்தால், எடை தூக்கினால். சிரித்தாலா என்று ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள். ஆமாம், அதனால்தான் சிரிப்பதில்லை என்றேன். எழுதிக்கொண்டாள். வெளியே போவதைத் தவிர்க்கிறீர்களா? தவிர்க்கிறேன். மனச்சோர்வு இருக்கிறதா? ‘உண்டு’ என்று சொல்ல எனக்கு ஒரு நிமிடம் பிடித்தது. அவள் அவசரப்படுத்தவில்லை.

பதினேழாவது கேள்வியிலிருந்து தாம்பத்தியம். குரலை மாற்றாமலேதான் படிக்க ஆரம்பித்தாள், பாதியில் குரல் அவளை விட்டுவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தாள். முடிவதில்லை என்றேன். ஒருமுறையும் இல்லை என்றேன். இது உங்களுக்கு எவ்வளவு பெரிய பிரச்சினை?

“பெருசு,” என்றேன். “ரொம்பப் பெருசு.”

அவள் டிக் போட்டாள். பேனா தாளை அழுத்துகிற சத்தம் கேட்டது. அதற்குள் எனக்கு முட்டிக்கொண்டு வந்துவிட்டது, எழுந்து குளியலறைக்கு ஓடினேன். திரும்பி வரும்போது கடைசிப் பக்கத்தையும் அவளே முடித்திருந்தாள். கையெழுத்துப் போடுங்கள் என்றாள். போட்டேன். மடித்து உறையில் வைத்துக் கொடுத்தாள். தொழிலில் ஒரு தாளையும் படிக்காமல் கையெழுத்துப் போட்டதில்லை நான். அன்றைக்கு இருந்த நிலையில் அது எனக்கு உறைக்கவே இல்லை.

புதன்கிழமை மத்தியானத்தோடு வேலையை விட்டுவிட்டுக் கோச் வீட்டுக்குப் போனேன். குளத்து அலுவலகத்துக்கு மேல் ஒற்றை அறை. கட்டில்மேல் பையைத் திறந்துவைத்து, மருத்துவமனைக்குத் துண்டு, லுங்கி, செருப்பு என்று அடுக்கிக்கொண்டிருந்தான். உறையை நீட்டினேன். நின்றபடியே படிக்க ஆரம்பித்தான். முதல் பக்கத்தின் பாதியில் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான்.

இது யாருடையது என்று கேட்டான். என்னுடையது என்றேன். அப்போ அது என்றான். அது பொய், இது நிஜம் என்றேன். அதற்குமேல் பூசி மெழுக எதுவும் மிச்சமில்லை.

“அந்தத் தாளை வச்சுக்கிட்டு நாலு வாரம் தூங்கியிருக்கேன் மாமா. டாக்டர் சொன்னதை நம்பல, உங்களை நம்பினேன்.”

வாய்க்கு வந்தபடி திட்டினான். வயதுக்கு மரியாதை கொடுக்காமல், அக்கா புருஷன் என்று பார்க்காமல் திட்டினான். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன். கடைசியில் மூச்சு வாங்கி நிறுத்தியபோது சொன்னேன். இந்தத் தாளை வைத்தும் நீ முடிவு செய்யாதே. எனக்கு எடுக்காமல் விட்டிருந்தால் இன்றைக்கு நான் இல்லை, மறுபடியும் அந்த நாள் வந்தால் மறுபடியும் போய்ப் படுப்பேன். உன்னுடையது அப்படியில்லை என்று டாக்டர் சொல்கிறார், அவரிடம் கேள். எனக்கு நடந்தது உனக்கும் நடக்கும் என்று சொல்ல வரவில்லை. நடக்கவே நடக்காது என்று நான் கொடுத்ததைத்தான் திருப்பி வாங்கிக்கொள்ள வந்தேன்.

அவன் கடைசிப் பக்கத்தைத் திருப்பினான். வேறு ஏதாவது சொல்ல விரும்பினால் இங்கே எழுதவும் என்று ஒரு வரி, அதன் கீழே நான்கு கோடு. அதைச் சத்தமாகவே படிக்க ஆரம்பித்தவன் மூன்றாவது வார்த்தையில் நிறுத்தி, மீதியை மனசுக்குள் படித்தான். காது சிவந்துபோயிருந்தது. தாளைத் திருப்பி என் பக்கம் நீட்டினான்.

“இது அக்கா கையெழுத்து. எனக்கு எழுதினது இல்ல. நீங்க படிங்க.”

அவள் எழுத்து சின்னதாக, நேராக இருக்கும். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு படித்தேன்.

‘அறுவை நடந்தது கையில் இல்லை. கைக்கு எந்தச் சேதமும் இல்லை. இருந்தும் பதினாறு மாதமாக என் தோள்மேல் ஒரு கை படவில்லை. மற்றதெல்லாம் இல்லாமல் நான் இருந்துகொள்வேன். இதைப் பற்றிக் கேட்க உங்கள் தாளில் ஒரு கேள்விகூட இல்லை.’

அதற்குக் கீழே என் கையெழுத்து இருந்தது. ஆண்மை போய்விட்டது, ஆண்மை போய்விட்டது என்று நான் சோபாவில் சுருண்டு கிடந்த நாளெல்லாம் அவள் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான். கோச் என்னைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் போய்விட்டான். அங்கே நின்றபடியே மருத்துவமனைக்குப் போன் போட்டான். நாளைக்கு வரவில்லை, டாக்டரிடம் மறுபடி பேச வேண்டும் என்றான். அவர்கள் எதையோ கேட்டார்கள், இல்லை, எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, பயமாக இருக்கிறது, அவ்வளவுதான் என்றான். வைத்துவிட்டு என் பக்கம் திரும்பியபோது அவன் முகம் ஒரே நாளில் வயதாகிப்போனவன் முகமாக இருந்தது. இனி அதை வயிற்றில் வைத்துக்கொண்டுதான் நான் படுக்க வேண்டும், எனக்குத் தூக்கம் வராது, அதற்கும் நீங்கள்தான் காரணம் என்றான். ஆமாம் என்றேன். வீட்டுக்குப் போங்க மாமா என்று கதவைத் திறந்து பிடித்தான். நன்றி சொல்வான் என்று நான் எதிர்பார்க்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

பஸ்ஸில் ஐந்து நிறுத்தம். இரண்டாவது நிறுத்தத்துக்குள் பேட் முழுக்க நனைந்துவிட்டது. வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் வேலையிலிருந்து வந்து, எனக்கு முதுகைக் காட்டியபடி தொட்டியடியில் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே, என்ன சொன்னான் என்று கேட்டாள். தள்ளிவைத்துவிட்டான், மறுபடி டாக்டரைப் பார்க்கப் போகிறான், என்மேல் வெறுப்பாக இருக்கிறான் என்றேன். அவள் நெடுமூச்சு விட்டாள். அவ்வளவுதான், டம்ளரைத் தொடர்ந்து கழுவினாள்.

முதலில் குளியலறைக்குப் போய் மாற்ற வேண்டும். வாடை வரும். பதினாறு மாதமாக முதலில் மாற்ற வேண்டும், பிறகு பார்க்கலாம் என்றே பொழுது போயிருக்கிறது. நான் மாற்றப் போகவில்லை. அப்படியே அவள் பின்னால் போய் நின்று, வலது கையை அவள் தோளில் வைத்தேன்.

தோள் வெடுக்கென்று இறுகியது. கூட்டத்தில் தெரியாத ஆள் இடித்தால் இறுகுமே, அப்படி. டம்ளர் கையிலிருந்து நழுவித் தொட்டிக்குள் விழுந்தது. அவள் திரும்பவும் இல்லை, சாயவும் இல்லை. நான் இவ்வளவு நாள் செய்தது என்ன என்று அந்தத் தோள் என் கைக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. நான் கையை எடுக்கவில்லை.